சார் வரலீங்களா?

கடைக்காரர் என் மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். அவனுக்குப் பதினேழு வயது. சைக்கிள் செயின் கழன்றால் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்கிறவன். "தம்பி, இதுல ரெண்டு மாடல் இருக்குதுங்க. டூ ஸ்ட்ரோக் ஒண்ணு, ஃபோர் ஸ்ட்ரோக் ஒண்ணு. நீங்க ஒருக்கா மாட்டிப் பாருங்க." கேள்வி கேட்டது நான். பதில் போனது அவனுக்கு. அவனும் புரிந்த மாதிரி தலையாட்டினான். ஆண்பிள்ளைகள் இதை எந்த வயதில் கற்றுக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை, தெரியாததற்குத் தலையாட்டுவதை.

பொள்ளாச்சியில் விவசாயக் கருவிகள் விற்கும் கடை அது. நான் வாங்கப் போனது பிரஷ் கட்டர். எங்கள் பக்கம் புல்லு வெட்டற மெசின் என்பார்கள். நீண்ட குழாயின் ஒரு முனையில் எஞ்சின், மறுமுனையில் பிளேடோ நைலான் கயிறோ சுற்றும். தோளில் மாட்டிக்கொண்டு, அரிவாள் வீசுவதுபோல் இடுப்பை அசைத்துக்கொண்டே நடக்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்து காட்டுங்கள் என்றேன். "சார் வரலீங்களா மேடம்? அவரு வந்தா ஒரே தடவைல காட்டிக் குடுத்துருவேன். இது இழுக்கறதுக்கு லேடீஸுக்குச் செரமமுங்க."

சாருக்குத் தென்னைக்கும் பாக்கு மரத்துக்கும் வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அவர் அதை மறைத்ததும் இல்லை.

அப்பா இறந்த பிறகு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு என் பங்குக்கு வந்தது. வந்தது என்று எளிதாக எழுதிவிட்டேன், கேட்டு வாங்கியது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது, 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. எங்கள் வீட்டுக்குள் வர அதற்குப் பிறகும் நாளாயிற்று. தோப்பில் ஊடுபயிராகக் கொஞ்சம் ஜாதிக்காய்க் கன்றுகள் வைத்தேன். மழை பெய்த பத்தாம் நாள் பார்த்தீனியமும் கோரையும் முழங்கால் உயரம் நின்றன.

களை கொத்த இரண்டு பெண்கள் வருவார்கள். ஒருவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிடுகிறேன். அந்தச் சொல்லும் இருபது வருடப் பழக்கம்தான். அதற்கு முன் எங்கள் வீட்டில் எல்லோரையும் போல நானும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் அன்றும் இன்றும் எனக்கு 'அம்மிணி' என்றே சொல்கிறார். இன்னொருவர் அவருடைய மாமியார். அறுபது தாண்டியவர், மூட்டுவலிக்காரர். நூறு நாள் வேலை நடக்கும் நாட்களில் இருவரும் அங்கே போய்விடுவார்கள். "நூறு நாள் வேலை வந்து ஆளே கெடைக்கறதில்ல" என்று அண்ணன் சலித்துக்கொள்வார். நிலம் வைத்திருக்கும் வீடுகளின் தேசிய கீதம் அது. நானும் பாடியிருக்கிறேன்.

ஒருமுறை பக்கத்து ஊரிலிருந்து மெசின்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். ஒரே நாளில் பாதித் தோப்பை முடித்துவிட்டார். சொட்டுநீர்க் குழாய் மூன்று இடத்தில் அறுந்திருந்தது. நான்கு ஜாதிக்காய்க் கன்றுகளின் அடிப்பட்டையை நைலான் கயிறு வளையமாக உரித்திருந்தது. பட்டை சுற்றிலும் போனால் கன்று பிழைக்காது. எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை, இலை வாடிய பிறகுதான் தெரிந்தது. கேட்டதற்கு, "மெசினுன்னா அப்பிடித்தானுங்க" என்றார். அதன் பிறகுதான் நானே வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

கடையில் பில் போடும் மேசைக்குப் பின்னால் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் இன்னொருவரைக் கவனிக்க நகர்ந்ததும் எழுந்து வந்தாள். "மேடம், பலமா இழுக்கக் கூடாதுங்க. மொதல்ல மெதுவா இழுங்க, ஒரு எடத்துல புடிக்கும். அங்க நிறுத்திக் கயித்த உள்ள விட்டுட்டு, அப்புறம் வெடுக்குன்னு இழுங்க." அடியில் இருந்த ரப்பர் குமிழை ஐந்தாறு முறை அழுத்தினாள், பெட்ரோல் ஏறியது. சோக்கை மூடினாள். மெதுவாக ஓர் இழுப்பு, வெடுக்கென்று ஓர் இழுப்பு. எஞ்சின் ஒருமுறை இருமியது. சோக்கைத் திறந்து மறுபடி இழுத்தாள், பிடித்துக்கொண்டது. அணைத்துவிட்டு, "இப்ப நீங்க" என்றாள். மூன்றாவது முயற்சியில் எனக்கும் வந்தது. சோக்கை மூடியபடியே இழுத்துக்கொண்டிருந்தால் பிளக் நனைந்துவிடும். அப்போது பிளக்கைக் கழற்றித் துடைத்து, வெறும் எஞ்சினை நாலைந்து முறை இழுத்துவிட்டு மாட்ட வேண்டும் என்றும் சொன்னாள்.

செரமம் என்று கடைக்காரர் சொன்னதில் பலத்தின் பங்கு கொஞ்சம்தான். மீதி, இந்த நாலு வாக்கியம். யாரும் நமக்குச் சொல்லாத நாலு வாக்கியம்.

என் முனைவர் பட்ட ஆய்வு குறிஞ்சித் திணையில். தினைப்புனத்தில் கிளி விரட்டும் பெண்களின் கையில் தட்டை, குளிர், தழல், கவண் என்று எத்தனை கருவிகள்! மூங்கிலைப் பிளந்து ஒலியெழுப்பச் செய்தது தட்டை என்று வகுப்பில் வருடா வருடம் பொருள் சொல்கிறேன். எந்த இடத்தில் பிளப்பது, எப்படிப் பிடிப்பது, தட்டினால் என்ன சத்தம் வரும் என்று ஒரு மாணவி கேட்டபோது வாயடைத்துப் போனேன். அந்தக் கருவிகளின் பெயர்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பயன்படுத்தும் விதம் இல்லை.

அந்தப் பெண் கடைக்கு வந்து ஆறு வருடமாம். உதிரிப்பாகங்களின் எண்கள் அவளுக்கு மனப்பாடம். மெக்கானிக் வராத நாளில் கார்புரேட்டர் கழுவுவதும் அவள்தான். "ஆனா சம்பளம் பில்லு போடறதுக்குத்தானுங்க" என்றாள், சிரித்துக்கொண்டே.

எதை வாங்குவது என்பதையும் அவளிடமே கேட்டேன். டூ ஸ்ட்ரோக்கில் எடை குறைவு, ரிப்பேர் எளிது. ஆனால் பெட்ரோலில் ஆயிலை அளந்து கலக்க வேண்டும். மெசினுக்குத் தகுந்தபடி லிட்டருக்கு 20 மில்லியோ 40 மில்லியோ. ஒருநாள் மறந்து வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் இறுகி எஞ்சின் போய்விடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலக்கிற வேலை இல்லை, ஆயில் தனியாக 100 மில்லி. முதல் பத்து மணி நேரம் ஓடியதும் ஒருமுறை, பிறகு ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். "ரெண்டு மூணு பேர் கை மாறி ஓட்டறதா இருந்தா ஃபோர் ஸ்ட்ரோக்குங்க." 35 சிசி, ஏழரை கிலோ. அதையே எடுத்தேன்.

மானியத்துக்கு எழுதிப்போடச் சொன்னார் கடைக்காரர். விவசாயக் கருவிகளுக்குப் பெண்கள், சிறு குறு விவசாயிகள், பட்டியல் வகுப்பினர் என்றால் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. விசாரிக்க அலுவலகத்துக்குப் போன அன்று, வரிசையில் நான் ஒருத்திதான் பெண். ஆனால் எனக்கு முன்னால் நின்றவர்கள் கையில் இருந்த சிட்டாக்களில் பாதிக்கு மேல் பெண்கள் பெயர். களை காத்திருக்காது என்பதால் என் காசிலேயே வாங்கிவிட்டேன்.

முதல் நாள் தோப்பில் நான்தான் ஓட்டினேன், அரை மணி நேரம். பிளேடு மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதனால் வலமிருந்து இடமாக வீசி வெட்ட வேண்டும். பிளேடின் முன்பக்க வலது ஓரம் கல்லிலோ கட்டையிலோ பட்டால் மெசின் ஆளையே தள்ளிவிடும். இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாதது, தோள்வார். ஒற்றை வார் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு நெஞ்சைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. நெஞ்சு என்று ஒன்று இருக்கிறவர்களுக்கு அரை மணி நேரத்தில் அது என்ன செய்யும் என்று, வடிவமைத்தவர் யோசித்திருக்க மாட்டார். இரண்டு தோளிலும் மாட்டி இடுப்பில் எடை தாங்கும் வார் இருக்கிறது. கடையில் இல்லை. யாரும் கேட்டதில்லையாம். பில் போடும் பெண் வரவழைத்துக் கொடுத்தாள்.

அக்காவிடம் ஓட்டுகிறீர்களா என்று கேட்டேன். "நல்லாக் கேட்டீங்கம்மிணி, நாலு பேரு சிரிக்கறதுக்கா?" என்றார். மூன்றாம் நாள், தோப்பில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "எங்க, கயித்த இழுக்கறதக் காட்டுங்க" என்றார். சேலையில் ஓட்ட முடியாது. சுற்றுகிற இடத்தில் முந்தானை சிக்கினால் அவ்வளவுதான். மகனின் பழைய பேண்ட், களை கொத்தும்போது எப்போதும் போடும் கணவரின் சட்டை, கண்ணாடி, காலுக்குக் கெட்டி பூட்ஸ். பூட்ஸ்தான் கிடைக்கவில்லை. எல்லாம் ஏழுக்கு மேல் சைஸ். இரண்டு ஜோடி காலுறை போட்டுச் சமாளித்தார். ஒரே வாரத்தில் சொட்டுநீர்க் குழாயைத் தொடாமல், கன்றுக்கு ஒரு முழம் தள்ளி, என்னைவிட அழகாக வெட்டினார். முப்பது வருடம் களைக்கொத்து பிடித்த கை. எது எங்கே முளைக்கும் என்று அதற்குத் தெரியும்.

மாமியார் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மெசினு வந்துட்டுது, இனி நா எதுக்குங்க அம்மிணி?" என்றார். கோபமாகக்கூட இல்லை. மரத்தடியிலும் கன்றைச் சுற்றியும் கையால்தான் கொத்த வேண்டும், அது உங்களுக்கு என்றேன். முன்பு பத்து நாள் கூலி. இப்போது மூன்று நாள். இதை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஏழு நாள் குறைகிறது. களையெடுப்பு பெண்களின் வேலையாக இருக்கும்வரை களைக்கொத்து போதுமானதாக இருந்தது. அதற்கு ஓர் எஞ்சின் வந்ததும் வேலை ஆணின் கைக்குப் போகிறது. வயலில் களையெடுக்கும் கருவிகள் வந்தபோது இதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். இம்முறை மெசினை வாங்கியவள் நான்.

ஜூன் மாதம் மெசின் கிளம்ப மறுத்தது. மூன்று மாதம் சும்மா கிடந்தது. டேங்கில் பெட்ரோலோடு வைக்காதீர்கள் என்று அந்தப் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நாள்பட்ட பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகப் படியும். நான்தான் மறந்தேன். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனது அக்கா. கழுவும்போது பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு வந்தார். இப்போது காற்று வடிகட்டியின் ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் கசக்கிக் காயவைப்பது, பிளேடுக்கு மேலே உள்ள கியர் பெட்டிக்கு கிரீஸ் வைப்பது, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. மெசினும் அவர் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. மற்ற தோப்புகளுக்கும் எடுத்துப் போகிறார். பெட்ரோல் அவருடையது, வாடகை வேண்டாம் என்றேன்.

மெசினோடு வரும் ஆண்களுக்கு எங்கள் பக்கம் ஒரு நாளைக்கு 1,200 ரூபாய். அக்காவுக்கு 800 தருகிறேன் என்றார்கள். பொம்பளைக்கு இதுவே அதிகம் என்றும் ஒருவர் சொன்னாராம். "புல்லு என்ன பொம்பள வெட்டுனா பாதிதான் சாயுதுங்களா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். அந்த வாரம் முழுவதும் வேலை இல்லை. அடுத்த வாரம் ஒருவர் 1,200-க்குக் கூப்பிட்டார். அதற்கடுத்து இன்னொருவர்.

போன மாதம் அண்ணன் ஃபோன் செய்தார். "நீ சொன்னாக் கேக்கும். எண்ணூறுக்கு வரச் சொல்லு." அவரிடமே கேளுங்கள் அண்ணா, நம்பர் தருகிறேன் என்றேன். நம்பரை வாங்கிக்கொண்டார். இன்னும் கூப்பிடவில்லை. அவர் தோப்பில் பார்த்தீனியம் பூத்துவிட்டது.