பஸ் நின்ற இடத்திலிருந்து – 3: அரிட்டாபட்டி

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. ஒன்று கிளம்பும்போதே அடுத்ததன் படிக்கட்டில் நின்று கண்டக்டர் கூவத் தொடங்கிவிடுவார். காலை ஆறரை மணி பஸ் என்றால் இன்னொரு வசதியும் உண்டு. பக்கத்துப் பூ மார்க்கெட்டில் மல்லிகையைப் போட்டுவிட்டு ஊர் திரும்பும் பெண்கள் அதில்தான் ஏறுவார்கள். மடித்த வெறும் சாக்குகள் சீட்டுக்கடியில் கிடக்கும். பூ போய்விட்டாலும் வாசனை போகாது. அன்றைக்கு விலை என்ன, யாருக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதெல்லாம் ஒத்தக்கடை வருவதற்குள் தெரிந்துவிடும்.

வண்டியில் இடதுபக்கம் ஜன்னலோரமாக உட்காருங்கள். ஒத்தக்கடையில் யானைமலை முழுதாகத் தெரியும். அதன் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. பராந்தக நெடுஞ்சடையன் என்ற பாண்டியனின் அமைச்சர் மாறன்காரி, கி.பி. 770-இல் குடையத் தொடங்கினார். முடியுமுன்னே இறந்துபோனார். அவருடைய தம்பி மாறன் எயினன் வேலையை முடித்து வைத்தார். இதையெல்லாம் அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய ‘பசுமை நடை’ மதுரைக்காரர்களை மாதாமாதம் இப்படிப்பட்ட குன்றுகளுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கியது. 2010-இல் இந்த மலையைச் சிற்ப நகரமாக்கப்போகிறோம் என்று பேச்சு எழுந்து, ஊர் எதிர்த்து நின்ற காலத்தில் பிறந்த பழக்கம் அது. யானைமலைக்கு ஒரு நாள் தனியாக வேண்டும். இன்றைக்கு இறங்கவில்லை.

நாலுவழிச் சாலையில் வெள்ளரிப்பட்டி வருகிறது. பைபாஸில் காரில் பறப்பவர்களுக்கு அது ஒரு பெயர்ப்பலகை மட்டும்தான். வடக்கே மாங்குளத்து மலையில், கிறிஸ்துவுக்கு முந்தைய தமிழிக் கல்வெட்டுகளில், ‘வெள்ளறை நிகமத்தோர்’ என்று ஒரு வணிகர் குழு வருகிறது. அந்த வெள்ளறை இந்த வெள்ளரிப்பட்டிதான் என்று கல்வெட்டு அறிஞர்கள் கருதுகிறார்கள். ராபர்ட் சீவெல் 1882-இல் அந்தக் கல்வெட்டுகளைக் கண்டார். அதில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது என்று ஐராவதம் மகாதேவன் படித்துச் சொல்ல இன்னும் எண்பது வருஷத்துக்கு மேல் ஆனது. ஸ்டாப்பில் ஒரு பாட்டியும் இரண்டு ஆட்டுக்குட்டிகளும் நின்றார்கள். பாட்டி மட்டும் ஏறினார்.

மேலூரில் இறங்கி டவுன் பஸ் மாற வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குள் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றால் பயனில்லை. டைம் கீப்பரிடமோ டீக்கடையிலோ கேட்டுவிடுவது நல்லது. அரிட்டாபட்டிக்குள்ளேயே போகும் வண்டி குறைவு. கிடைத்த வண்டியில் அ.வல்லாளப்பட்டி வரை போய், மிச்சத்தை நடப்பதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று 2021-இல் அறிவித்த பிறகு இந்த வண்டிகளின் முகமே மாறிவிட்டது. நூறு நாள் வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, மகளைப் பார்க்க என்று பாதி வண்டிக்கு மேல் அவர்கள்தான்.

பக்கத்தில் இருந்த அம்மா என் பையையும் தொப்பியையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்குட்டுப் போறீக தம்பி?”

“அரிட்டாபட்டிக்கு, ஆத்தா. மலை பாக்க.”

“சர்வே பண்ணவா?”

பஸ் சட்டென்று அமைதியானது. முன்சீட்டில் இருந்தவர்களும் திரும்பினார்கள். இல்லை ஆத்தா, சும்மா நடக்கத்தான் என்றேன். அப்புறம்தான் அவருக்கு முகம் தெளிந்தது. “நடங்க, நடங்க. இடச்சி மண்டபத்துக்கு அந்தக் கம்மாக்கரையோட போயிருங்க” என்று வழியும் சொன்னார். அந்தக் கேள்விக்கான காரணம் பின்னால் வருகிறது.

தை மாதம். வயல்களில் பாதி அறுத்தாகிவிட்டது. மீதியில் அறுப்பு மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய்க்குக் கடைமடை, அதுவும் ஒருபோகம்தான். மலையோரத்து ஊர்களுக்கு அந்தக் கொடுப்பினையும் சரியாக இல்லை. மழை மலையில் விழுந்து, பாறையில் வழிந்து, சுனையில் தங்கி, ஓடையாகிக் கண்மாய்க்கு வந்தால்தான் நெல். ஏழு குன்றுகள், அவற்றின் காலடியில் 72 ஏரி கண்மாய்கள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று அரசாங்கமே கணக்குக் காட்டியிருக்கிறது. ஆனைகொண்டான் கண்மாய் இதில் பேர்பெற்றது.

கரையில் ஏறி நடந்தால் இந்த ஏற்பாடு கண்ணுக்கு நேராக விளங்குகிறது. ஒரு பக்கம் செடி கொடி அதிகம் ஒட்டாத வழுவழுப்பான கழிஞ்சமலை. பாறையின் மேல் கறுப்புக் கோடுகள் இறங்குகின்றன. வருஷா வருஷம் மழைத்தண்ணீர் ஓடிய தடம். அந்தக் கோடுகள் முடியும் இடத்தில் ஓடை, ஓடை முடியும் இடத்தில் தண்ணீர். இன்னொரு பக்கம் மடை, மடைக்குக் கீழே வயல். காரில் வந்து மலையடியில் இறங்கி, படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு மலை தனி, வயல் தனி. இரண்டுக்கும் நடுவில் நடந்தவர்களுக்குத்தான் அது ஒரே சொத்து என்று தெரியும்.

இங்கிலாந்தில் தனியார் வயலுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைக்கும் சட்ட உரிமை உண்டு. மூலைக்கு மூலை கைகாட்டி நட்டிருப்பார்கள். மேய்ச்சல் மேடுகளிலும் அந்த உரிமை வேண்டுமென்று 1932-இல் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் கூட்டமாகக் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறிச் சிலர் சிறைக்கும் போனார்கள். நம் வரப்புக்குக் கைகாட்டி கிடையாது. கேட்டால் யாரும் மறித்ததும் இல்லை. களத்தில் இருந்தவர் “செருப்பக் கழட்டிட்டு நெல்லத் தாண்டுங்கண்ணே” என்றார், அவ்வளவுதான்.

மலையின் மேற்கு முகத்தில் இருக்கிறது அந்தக் குடைவரை. ஊரார் பேச்சில் இடச்சி மண்டபம். ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. உள்ளே லிங்கமும் தாய்ப்பாறையிலேயே செதுக்கியது. வாசலின் இரண்டு பக்கமும் வாயிற்காவலர்கள். அவர்களைத் தாண்டி வெளிச்சுவர் மாடங்களில் ஒன்றில் பிள்ளையார், இன்னொன்றில் லகுலீசர். கையில் தண்டத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பாசுபத சைவத்தின் குருவாகப் போற்றப்படுகிறவர். குஜராத்தின் காயாவரோகணம் அவருடைய ஊர் என்பார்கள். தமிழ்நாட்டில் அவருக்குச் சிற்பம் உள்ள குடைவரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். குஜராத்து மரபு ஒன்று மேலூர் வயல்காட்டுப் பாறைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று யோசித்துக்கொண்டே அந்த நிழலில் உட்காரலாம். மாலை வெயில் நேராக முகத்தில் விழும் என்பதால் சிற்பத்தைப் பார்க்க அதுதான் நல்ல நேரம். காலையில் போனால் நிழல் கிடைக்கும், நுணுக்கம் கிடைக்காது.

மலையின் மறுபக்கம் சமணர்களுடையது. இயற்கைக் குகைத்தளத்தில் தமிழிக் கல்வெட்டுகள். நெல்வேலிக்காரர் ஒருவரும் இலஞ்சிக்காரர் ஒருவரும் குகையை அமைத்துக் கொடுத்ததாகச் சொல்கின்றன. மழைநீர் உள்ளே வழியாதபடி பாறை நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். அதை விரலால் தடவிப் பாருங்கள். உளிப்பட்ட பள்ளம் இன்னும் கையில் தட்டும். பக்கத்தில் ஒரு தீர்த்தங்கரர், தலைக்கு மேல் முக்குடை. கீழே உள்ள வட்டெழுத்து, மலையைத் திருப்பிணையன்மலை என்கிறது. செய்வித்தவர் அச்சணந்தி என்ற துறவி. சிற்பத்தைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடி ஊராருடையது. ராஜா காப்பான் என்று எழுதவில்லை, ஊரார் காப்பார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த மலையிலேயே பெரிய செய்தி இதுதான்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்ந்து 193.42 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். லகர் வல்லூறு, ராசாளி, தேவாங்கு, அலங்கு என்று பட்டியல் நீளும். இரண்டே வருஷம். 2024 நவம்பரில் இதையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேல், ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் போனது. மேலூர்க்காரர்களுக்கு மலை காணாமல் போவது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழவளவுப் பக்கம் கிரானைட்டுக்கு வெட்டிய குழிகளை அவர்கள் தினமும் பார்க்கிறவர்கள். பஸ்ஸில் அந்த அம்மா கேட்ட ‘சர்வே’ இதுதான்.

டிசம்பரில் சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் வரை ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கிளம்பிப் போனார்கள், காலையில் நம் பஸ் வந்த அதே சாலையில். ஜனவரி 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வல்லாளப்பட்டி டீக்கடையில் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். டங்ஸ்டன் எதுக்கு ஆகும் என்று அவருக்குத் தெரியும். பல்பு இழைக்கு, வெட்டுக் கருவிக்கு என்று சரியாகவே சொன்னார். “அது வேணாங்கல. மலைய எடுத்துட்டா கம்மாய்க்குத் தண்ணி எங்குட்டிருந்து வரும்? அத மட்டும் சொல்லச் சொன்னோம். ஒருத்தரும் சொல்லல.”

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். சித்திரை வெயிலில் அந்தப் பாறைமேல் ஏறுவது வீம்பு. தண்ணீர் கொண்டுபோங்கள், சுனைகளில் கை கால் அலம்ப வேண்டாம், ஆடு மாடும் பறவையும் குடிக்கிற தண்ணீர் அது. வல்லூறு கூடு வைத்திருக்கும் பாறைப் பக்கம் டிரோன் பறக்கவிடாதீர்கள். இறங்கும்போதே கண்டக்டரிடம் திரும்புகிற வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேலூர் வந்துவிட்டால் மதுரைக்கு ராத்திரி வரை பஸ் உண்டு.

அடுத்த வாரம் கடல். மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் பஸ் ஏறி, உச்சிப்புளியில் இறங்கி, அரியமான் கடற்கரை வரை நடக்கிறோம்.

(தொடரும்)