வாப்பா சாப்பிடும் கடை

என் வாப்பா மாணிக்க வியாபாரி. பேருவளையிலிருந்து தாய்லாந்தின் சந்தபுரிக்கு அடிக்கடி போய்வருவார். எங்கள் பால்நிறக் கெவுடாக் கல்லைச் சூடேற்றி நீலமாக்குவதில் பேர்போன ஊர் அது. கடந்த விடுமுறையில் உம்மாவையும் என்னையும் கூட்டிப்போனார்.

கல் சந்தைக்குப் பின்னால் ஒரு சிறிய ஹலால் சாப்பாட்டுக் கடை. தகர மேசை, பிளாஸ்டிக் கதிரை. மேசைதோறும் மிளகாய்த்தூள், மீன்சாறு, காடியில் ஊறிய கொச்சிக்காய், அதோடு சீனி! நூடில்ஸுக்குத் தூவுகிறார்கள். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்களுக்கு முழுக் கொடுவா மீன் வந்தது. ஆவியில் அவித்து, தேசிக்காய்ப்புளியும் வெள்ளைப்பூடும் பச்சைக் கொச்சிக்காயும் மீன்சாறும் ஊற்றியிருந்தார்கள். எண்ணெயுமில்லை, தேங்காய்ப்பாலுமில்லை. நெத்தலியை உப்பிலிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடிப்பதுதான் மீன்சாறு. நம் சமையலில் மாசி செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது. நாம் சோற்றுக்குப் போடும் ரம்பையை அவர்கள் இனிப்புக்குப் போடுகிறார்கள்.

கடைக்காரப் பெண் வாப்பாவிடம் மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. வெறும் சோறும் முட்டைப் பொரியலும் கொண்டுவந்து வைத்தார்.

"ஒவ்வொரு நாளும் மீன் சாப்பிடுறதா போன்ல சொல்லுவீங்களே?" என்றார் உம்மா.

வாப்பா சிரித்தார். "முழு மீன ஒரு ஆள் திண்டு முடிக்க ஏலுமா?"

சுவரில் விலைப்பட்டியல் இருந்தது. எழுத்துத்தான் தெரியாது, இலக்கங்கள் எனக்கு விளங்கின. மீனின் விலையில் பல முட்டைப் பொரியல்கள் வாங்கலாம். என் டியூஷன் காசு ஒரு மாதமும் பிந்தியதில்லை.

உம்மா ஒன்றும் பேசவில்லை. மீனின் வயிற்றுப் பக்கத்தை முள் எடுத்து வாப்பாவின் பீங்கானில் வைத்தார். வாப்பா முட்டைப் பொரியலை என் பக்கம் தள்ளினார். அதுவும் நல்ல ருசிதான்.