கேட்டும் எழுதாமல் விட்டேன்

காட்டுத்தீயைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் தவறாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். தேனெடுக்கவும் மாடு மேய்க்கவும் மலைமக்கள் வைக்கும் நெருப்பால்தான் காடு அழிகிறது என்று துண்டறிக்கை எழுதி, சத்தியமங்கலம் மலையூர்களில் என் கையாலேயே விநியோகித்தேன். வாங்கியவர்களில் அந்த மலைகளின் பழங்குடிகளான சோளகர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். தாத்தனையும் பாட்டனையும் குற்றவாளியாக்கும் காகிதத்தை அவர்களிடமே கொடுத்தனுப்பினேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. கர்நாடகப் பக்கம் பிளிகிரிரங்கன் மலையில், சோளகர்கள் போடு என்று சொல்லும் குடியிருப்பு ஒன்றில், பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். உண்ணிச்செடி ஏன் இப்படி மண்டிக்கிடக்கிறது அஜ்ஜா என்று கேட்டேன். "நெருப்பை நிறுத்தினீங்க, அது வந்துருச்சு" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். அவர்கள் வைத்தது தரகு பெங்கி, அதாவது சருகை மட்டும் எரிக்கும் நெருப்பு. கோடை முற்றும் முன்பே, தை மாசியில், புல்லில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போது வைப்பார்கள். தரையோடு தாழ்ந்து ஓடி அணைந்துவிடும். பெரிய மரத்துக்குச் சேதமில்லை. உண்ணிச்செடியின் கன்றுகள் கருகும். மானும் காட்டெருமையும் மேய இளம்புல் துளிர்க்கும். நெல்லிமரங்களில் புல்லுருவி பெருகியதற்கும் நெருப்பு நின்றுபோனதே காரணம் என்று சொல்லி, புல்லுருவி ஏறி வாடிய ஒரு மரத்தையும் காட்டினார்.

எந்த மாதம், எந்த ஈரம், எந்தச் செடி என்று எல்லாம் அதில் இருந்தது. நான் ஒரு வரிகூடக் குறித்துக்கொள்ளவில்லை. சரணாலயத்துக்குள் தீ வைப்பதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. அந்த மலை 1974இல் சரணாலயமானது. சட்டம் தப்பாக இருக்காது, கிழவர் தன் பழக்கத்துக்கு நியாயம் தேடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஊருக்குத் திரும்பி அதே துண்டறிக்கையை மறுபடி அச்சுக்குக் கொடுத்தேன்.

பின்னர் ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. அந்த மலையில் 1997இல் ஆய்வாளர்கள் பார்த்த இடங்களில் 41 விழுக்காட்டில் உண்ணிச்செடி இருந்தது. 2008இல் அது 81 விழுக்காடு. சோளகப் பெரியவர்கள் சருகு நெருப்பைப் பற்றிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று 2012இல் ஒரு கட்டுரை வாதிட்டது. அதை ஒரே மூச்சில் நம்பினேன். போடுவில் உட்கார்ந்து கேட்டதற்கும் இதற்கும் வேறுபாடே இல்லை. காட்டிலேயே வாழ்ந்த மனிதர் முகத்துக்கு நேரே சொன்னபோது அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

அதைவிடக் கேவலமானது அடுத்து நான் செய்தது. கூட்டங்களில் அந்த விழுக்காடுகளைச் சொல்லிப் பேசினேன். பெரியவரைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொன்னால், அப்போதே ஏன் எழுதவில்லை என்று யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

ஒரு துண்டறிக்கையால் என்ன ஆகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் எனக்கு உரிமையில்லை. 2006 வாக்கில் அந்த மலையில் விற்பனைக்குத் தேனும் நெல்லியும் எடுப்பது தடைபட்டது. காட்டைக் கெடுப்பவர்கள் காட்டில் வாழ்பவர்களே என்று ஊரார் நம்பியதால்தான் அந்தத் தடை யாரையும் உறுத்தவில்லை. அந்த நம்பிக்கையைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன். 2011இல் சோளகர்கள் வனவுரிமைச் சட்டத்தின்கீழ் சமூக உரிமைகளை வென்றார்கள். புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அது கிடைத்தது நாட்டிலேயே முதல்முறை. அந்தப் போராட்டத்துக்கு நான் ஒரு துரும்பும் கிள்ளிப் போடவில்லை.

துண்டறிக்கையைத் திருத்திவிட்டேன். ஆனால் பழைய நெருப்பை இன்று அப்படியே வைத்துவிட முடியாது. உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மேல் புதராகி, மரங்களிலும் ஏறிக் கிடக்கிறது; பற்றினால் தீ உச்சிக்கிளை வரை போகும். முதலில் வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். அதற்குப் பிறகு எந்தச் சரிவில், எந்த வாரத்தில், எவ்வளவு ஈரத்தில் நெருப்பு வைக்கலாம் என்பதைப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தரகு பெங்கியைக் கண்ணால் பார்க்காமலே வளர்ந்துவிட்டார்கள்.