முற்றவெளி: ஒரு பெயரின் கதை

மாணவர்களே,

"எனது ஊரில் எனக்குப் பிடித்த இடம்" என்ற தலைப்பில் கட்டுரை எழுதும்போது உங்களுள் பலர் மரங்களையும் காற்றையும் மாலை வெயிலையும் வருணித்து முடித்து விடுகிறீர்கள். அந்த இடத்துக்கு அப்பெயர் ஏன் வந்தது என்று கேட்போர் மிகச் சிலரே. பெயரை விசாரித்துப் பாருங்கள். எழுதுவதற்கு வேண்டிய பொருள் தானாகவே கிடைக்கும். நான் வளர்ந்த யாழ்ப்பாண நகரத்தின் முற்றவெளியை உதாரணமாகக் கொண்டு இதனை விளக்குகிறேன்.

யாழ்ப்பாணக் கோட்டைக்கு வெளியே பரந்து கிடக்கும் திறந்த வெளியே முற்றவெளி ஆகும். ஒரு புறம் பண்ணைக் கடல். மறு புறம் பொது நூலகம், துரையப்பா விளையாட்டரங்கு, வீரசிங்கம் மண்டபம் என்பன உள்ளன. வழிப்போக்கர் நின்று கும்பிட்டுச் செல்லும் முனியப்பர் கோயிலும் இங்கேதான் இருக்கிறது.

நகரின் நடுவே இவ்வளவு நிலம் வெறுமையாக விடப்பட்டது ஏன்? போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1658 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கைப்பற்றினர். பின்னர் அதனை ஐங்கோண வடிவில் புதிதாக அமைத்தனர். கோட்டையை நெருங்கும் எதிரி மறைந்து நிற்க ஒரு சுவரோ மரமோ இருத்தல் ஆகாது. பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளியே இருக்க வேண்டும். இது அக்காலக் கோட்டை அமைப்பின் விதி. எனவே இந்த வெளி, சுடுவதற்கு வசதியாக விடப்பட்ட நிலமாகும்.

ஆனால் எமது மக்கள் அதற்கு இட்ட பெயரைப் பாருங்கள். முற்றம் என்றால் என்ன? நெல் காய்வது முற்றத்தில். பிள்ளைகள் விளையாடுவது முற்றத்தில். கலியாணப் பந்தல் போடுவதும் அங்கேதான். செத்தவீட்டுக்கு வந்தோர் கூடியிருப்பதும் அங்கேதான். பீரங்கிக்காக ஒதுக்கப்பட்ட நிலத்தை வீட்டு வாசலில் உள்ள நிலம்போல எண்ணி அழைத்தார்கள் மக்கள்.

அப்பெயருக்கு ஏற்பவே அந்த நிலம் வாழ்ந்தது. விளையாட்டும் களியாட்டமும் பொதுக்கூட்டமும் அங்கே நடைபெற்றன. மாலையில் கடற்காற்று வாங்கவும் கச்சான் கொறிக்கவும் குடும்பங்கள் வந்தன. துக்கமும் அங்கே வந்தது. நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்ச்சிக்காக 1974 ஜனவரி 10 ஆம் திகதி வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் மக்கள் திரண்டிருந்தனர். அக்கூட்டத்தைப் பொலிசார் கலைக்க முற்பட்டபோது பலர் உயிரிழந்தனர். அவர்களுக்கான நினைவுச் சின்னம் முற்றவெளியில் உள்ளது. 1981 ஆம் ஆண்டு அருகிலுள்ள பொது நூலகம் எரியூட்டப்பட்டது.

1990 ஆம் ஆண்டு கோட்டையைச் சுற்றிக் கடும் போர் மூண்டது. ஒல்லாந்தர் எந்த நோக்கத்துக்காக அந்த வெளியை விட்டார்களோ, அதே நோக்கத்துக்கு அது மீண்டும் பயன்பட்டது. நான் அப்போது பாடசாலை மாணவன். எனக்கு முற்றவெளி என்பது கால் வைக்க முடியாத இடம். எனது அப்பப்பாவோ மாலை வேளைகளில் திண்ணையில் இருந்தபடி, "முற்றவெளிக் காத்து வாங்கி எவ்வளவு காலமாச்சுதடா" என்பார். அவர் ஒருநாளும் அதனைப் போர்க்களம் என்று சொன்னதில்லை. அவருடைய பேச்சில் அது முற்றமாகவே இருந்தது. நிலம் எமது கையில் இல்லாத காலத்தில் அதன் பெயரையாவது அவர் எனக்குத் தந்துவிட்டுப் போனார். போர் ஓய்ந்து நான் அங்கு நடந்தபோது, அது எனக்குப் புதிய இடமாகத் தோன்றவில்லை.

அதே நகரில் பழைய பூங்காவும் உண்டு. 1829 முதல் 1867 வரையான காலத்தில் பெரும்பகுதி வட மாகாண அரசாங்க அதிபராக இருந்த டைக் என்ற ஆங்கிலேயர் அதனை உருவாக்கினார். அதிகாரத்தில் ராசாவைப் போல விளங்கிய அவருடைய பெயர் அப்பூங்காவுக்கு நிலைக்கவில்லை. மக்கள் நாவில் நின்றது "பழைய" என்ற எளிய சொல்லே. ஓர் இடத்தை ஆக்குபவர் ஒருவராக இருக்கலாம். அதற்குப் பெயர் இடுவோர் அங்கே புழங்கும் மக்களே.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் ஒரு திடலோ, மரத்தடியோ, சந்தியோ இருக்கும். பெயர்ப் பலகையில் ஒரு பெயரும் ஊரார் வாயில் வேறொரு பெயரும் வழங்கலாம். ஊரார் வழங்கும் பெயருக்கான காரணம் பெரும்பாலும் எந்தப் புத்தகத்திலும் இராது. அது உங்கள் அம்மம்மாவுக்கோ, பக்கத்து வீட்டு ஐயாவுக்கோ மாத்திரமே தெரிந்திருக்கும். இன்று மாலையே சென்று கேளுங்கள். கேட்டதைத் திகதியிட்டு எழுதி வையுங்கள். பரீட்சைக்கு உதவுவது ஒருபுறம் இருக்க, அவர்களுக்குப் பின்னர் அதனைச் சொல்வதற்கு நீங்கள் மட்டுமே இருப்பீர்கள்.