காதைப் பொத்திக்கொள்வது

பெண்களை இழிவுபடுத்தும் பாட்டுகளைக் கேட்பவர்கள் புறக்கணிக்க வேண்டுமா என்ற கேள்வி சில வருஷங்களுக்கு ஒருமுறை கிளம்புகிறது. அறிக்கை வருகிறது, கையெழுத்துகள் சேர்கின்றன, பிறகு அடங்கிவிடுகிறது. கேள்வியின் நியாயம் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. எனக்கு உறுத்துவது அதில் வருகிற ‘கேட்பவர்’ என்ற சொல். தன் அறையில் உட்கார்ந்து, வேண்டியதைப் போட்டு வேண்டாததை நிறுத்துகிற ஒருவர் - ஏறக்குறைய அறிக்கை எழுதுகிறவரைப் போன்ற ஒருவர் - என்றே அவர் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறார்.

கட்டபெட்டில் அப்படிப்பட்ட கேட்பவர்கள் குறைவு. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஊட்டிக்கும் பஸ் மாறுகிற கூட்டுரோடு இது. சில கடைகள், ஒரு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை, சுற்றிலும் படகர் ஹட்டிகள், சரிவெல்லாம் தேயிலை. காலையில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் கிளம்பும். வண்டியில் என்ன பாட்டு என்பது டிரைவரின் இஷ்டம். பெண் என்பவள் ஏமாற்றுக்காரி, காசைப் பார்த்துப் போகிறவள், ஆண் குடித்துச் சீரழியக் காரணமானவள் என்று ஒரு ஆண் குரல் உரக்கப் பாட, இருபது பெண்கள் கம்பியைப் பிடித்து நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறார்கள். இவர்கள் எதைப் புறக்கணிப்பது? வண்டியை விட்டால் அன்றைய கூலி போயிற்று.

அப்படிப் போகிறவர்களில் ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். இலங்கையில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் சிறு பெண்ணாகக் கப்பலேறி வந்தவர். அந்தப் பாட்டுகளைக் கேட்டால் கோபம் வராதா என்று ஒருமுறை கேட்டேன். “கோவப்படணும்னா தெனமும்ல படணும் தம்பி” என்றார். இதை விழிப்பு இல்லாமை என்று நான் எடுத்துக்கொள்ளத் தயாரில்லை. அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருக்கிறது. எதை எப்போது காதில் போட்டுக்கொள்வது என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நம் அறிக்கைகளில் அந்தக் கணக்குக்கு இடமில்லை.

புறக்கணிப்பு நடக்காது, அது வெறும் பேச்சு என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இதே தமிழ்நாட்டில், பெண்ணின் கௌரவத்தை முன்வைத்துக் கேட்பவர்கள் ஒரு இசையைப் புறக்கணித்து, அதில் முழு வெற்றியும் அடைந்திருக்கிறார்கள். சென்னையில் 1892-ல் தோன்றிய ஹிந்து சமூகச் சீர்திருத்த சங்கத்தார், 1893-ல் வைஸ்ராய்க்கும் சென்னை கவர்னருக்கும் ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள்: தாசிகளின் ஆடலும் பாடலும் இடம்பெறும் நிகழ்ச்சிகளுக்கு வரக் கூடாது, வந்தால் அது அங்கீகாரம் கொடுத்ததாகும் என்று. அவர்கள் இணங்கவில்லை. ஆனால் படித்த குடும்பங்கள் இணங்கின. கல்யாணத்தில் சதிர் வைக்க மாட்டோம், வைத்த வீட்டுக்குப் போக மாட்டோம் என்று கனவான்கள் உறுதி எடுத்துக்கொண்டார்கள். இன்றைய பாஷையில் சொன்னால், பெண்களை இழிவுபடுத்தும் இசையைக் கேட்பவர்கள் புறக்கணித்தார்கள்.

யாருக்கு நஷ்டம்? பதங்களையும் ஜாவளிகளையும் இயற்றிய ஆண்களின் பெயர் எதுவும் கெட்டுப்போகவில்லை. க்ஷேத்ரய்யா க்ஷேத்ரய்யாவாகவே இருக்கிறார். தாசி வீட்டு வாசலில் காத்துக் கிடந்த மிராசுதாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாடிய, ஆடிய பெண்களுக்குத்தான் சபை போயிற்று, பிழைப்பு போயிற்று. பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் 1947-ல் முழுமை பெற்றபோது, அவர்களுடைய ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில், மேல்சாதி வீட்டுப் பெண்கள் மேடையேறிச் செய்யும் கௌரவமான கலையாகியிருந்தது. கலை காப்பாற்றப்பட்டது என்பார்கள். அதை அதுவரை காப்பாற்றியவர்கள் பற்றி யாரும் பேசவில்லை.

பொட்டுக்கட்டும் முறை நல்லது என்று நான் வாதிடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்தச் சமூகத்திலேயே வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். 1936-ல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை வெளியிட்டார். சட்டத்தை எதிர்த்து மனுப் போட்டவர்களில் பெங்களூர் நாகரத்தினம்மாளும் ஒருவர். இரண்டு பேரும் தங்கள் வாழ்க்கையை வைத்துக்கொண்டு பேசினார்கள். இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் 1893-ன் விண்ணப்பம் இந்தப் பெண்கள் யாரையும் கேட்டு எழுதப்பட்டதல்ல. அவர்கள் பெயரால் எழுதப்பட்டது.

நாகரத்தினம்மாள் சம்பந்தமான இன்னொரு சம்பவம் இந்த விஷயத்தின் உட்புறத்தைக் காட்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சாவூர் பிரதாபசிம்மனின் அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் எழுதிய தெலுங்குக் காவியம் ‘ராதிகா ஸாந்த்வனம்’. வீரேசலிங்கம் பந்துலு அதை ஆபாசம் என்று ஒதுக்கினார். பெண் காதால் கேட்கவே தகாதது, அப்படியிருக்க ஒரு பெண் வாயிலிருந்து வரலாமா என்பது அவர் கட்சி. நாகரத்தினம்மாள் 1910-ல் அதை முழுமையாகப் பதிப்பித்தார். கூச்சமும் வெட்கமும் பெண்ணுக்கு மட்டும்தான் விதிக்கப்பட்டதா, இதைவிட அப்பட்டமாக எழுதிய ஆண் கவிகளை ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டார். பதில் வரவில்லை. 1911-ல் தடை வந்தது. அது நீங்க 1947 ஆயிற்று. அந்தக் காவியத்தில் காமம் ஒரு பெண்ணின் இச்சையாக எழுதப்பட்டிருந்தது. பெண்ணை இழிவுபடுத்துவது எது, பெண்ணே பேசுவது எது என்ற வித்தியாசத்தைப் பார்க்கச் சீர்திருத்தக்காரருக்கும் தெரியவில்லை, போலீசுக்கும் தெரியவில்லை.

புறக்கணிப்பின் பாரம் எங்கே போய் இறங்கும் என்பதற்கு இந்த மலையிலேயே ஒரு சாட்சி உண்டு. பெண்கள் சம்பந்தப்பட்டதல்ல, இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. படகர் வீட்டுச் சாவுக்கும் சடங்குக்கும் கோத்தர்கள்தான் வாசிப்பார்கள் - கொள் என்கிற குழல், கொம்பு, மேளம். வாசித்ததற்குப் பதிலாகத் தானியம் வரும். 1930-களில் படகர்களில் ஒரு சாரார், முன்னேற்றம் என்று சொல்லி, கோத்தர் இசை இனி வேண்டாம் என்றார்கள். இன்னொரு சாரார் விட முடியாது என்றார்கள். ஹட்டிகள் இரண்டுபட்டன, அடிதடிவரை போயிற்று. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கோத்தர்களிடையே ஆய்வு செய்த டேவிட் மாண்டல்பாம் இதைப் பதிவு செய்திருக்கிறார். கோத்தர்களிலும் படித்தவர்கள், பிறத்தியார் சாவுக்குப் போய் வாசிப்பது நமக்கு இழிவு என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும்: இசை நின்றது. ஆனால் கேட்கிறவன் ‘வேண்டாம்’ என்றபோது வாசித்தவனுக்குத் தானியம் நின்றது. வாசிக்கிறவன் ‘முடியாது’ என்றபோது அவன் முதுகு நிமிர்ந்தது. மறுப்பு என்று ஒரே பெயர் வைத்து இவற்றைச் சேர்த்துப் பேச முடியாது.

சினிமாப் பாட்டுக்கு வருவோம். கிளப் நடனப் பாட்டுகள் என்றால் எல். ஆர். ஈஸ்வரியின் குரல் என்று இருந்த காலம் நமக்குத் தெரியும். ஆடி மாதம் இங்கே மாரியம்மன் கோவில் ஒலிபெருக்கியில் வருவதும் அதே குரல்தான். வார்த்தை எழுதியவர் வேறு, மெட்டுப் போட்டவர் வேறு, காமிரா எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னவர் வேறு - எல்லோரும் ஆண்கள். அன்று ஒரு புறக்கணிப்பு நடந்திருந்தால் முதலில் வாய்ப்பை இழந்திருப்பவர் ஈஸ்வரி.

ஆபாசம் என்று நாம் அடையாளம் காண்பதும் அநேகமாகத் தவறான இடத்தில்தான். 2015 டிசம்பரில், சென்னை வெள்ளத்திலிருந்து எழுந்திருக்காத நேரத்தில், ‘பீப் பாட்டு’ வெளியே வந்தது. கோவையில் மாதர் சங்கம் புகார் கொடுத்தது, வழக்குப் பதிவாயிற்று, ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. பாடிய சிலம்பரசன், அது வெளியிடுவதற்காகச் செய்ததல்ல, திருடி வெளியிட்டுவிட்டார்கள் என்றார். தனக்கு அதில் பங்கில்லை என்று அனிருத் மறுத்தார். கொந்தளிப்பு முழுவதும் பீப் ஒலியால் மறைத்த ஒரு வசைச்சொல்லைச் சுற்றியே நடந்தது. அந்தச் சொல் இல்லாமல், அதே அலட்சியத்தைப் பெண் மேல் வீசும் பாட்டுகள் அதற்கு முன்னும் பின்னும் கல்யாண வீடுகளில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன. 1972-ல் ‘பட்டிக்காடா பட்டணமா’, படித்த மனைவியை அடக்கி வழிக்குக் கொண்டுவரும் கதையை ஊரே சிரித்து ரசிக்கும்படி சொன்னது. அதில் கெட்ட வார்த்தை எதுவும் கிடையாது. இழிவு ஒரு சொல்லில் உட்கார்ந்திருப்பதில்லை. பெரும்பாலும் அது புத்திமதியாக, செல்லக் கிண்டலாக, நல்ல மெட்டில் வருகிறது. சொல்லைத் துரத்துகிறவனுக்கு இது அகப்படாது.

அப்படியானால் எந்தப் புறக்கணிப்பும் கூடாதா? 2018 அக்டோபரில், பெண்கள் வெளிப்படையாகச் சொன்ன பாலியல் புகார்களை அடுத்து, சென்னை மியூசிக் அகாடமி அந்த வருஷ டிசம்பர் விழாவிலிருந்து ஏழு கலைஞர்களை விலக்கியது. 1893-லிருந்து இது வேறுபட்டது. இங்கே முதல் வார்த்தை பெண்களுடையது; விளைவு புகாருக்கு ஆளானவர்கள்மீது விழுந்தது. பெண்ணின் பெயரால் நடக்கும் புறக்கணிப்பு வேறு, பெண்ணின் சொல்லிலிருந்து தொடங்குவது வேறு. இந்த இரண்டாவது வகைக்கு நான் கையெழுத்துப் போடுவேன்.

ஆனால் அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. அந்த அக்டோபரில் பின்னணிப் பாடகி சின்மயி வைரமுத்துமீது பாலியல் புகாரைப் பொதுவெளியில் சொன்னார். வைரமுத்து மறுத்தார். அடுத்த மாதமே டப்பிங் சங்கத்திலிருந்து சின்மயி நீக்கப்பட்டார். சந்தா பாக்கி என்பது சொல்லப்பட்ட காரணம். தமிழ் சினிமாவில் ஒரு குரல் வருஷக்கணக்கில் ஏறக்குறைய காணாமல் போயிற்று. இந்த விவகாரம் முழுவதிலும் நடந்த கடுமையான புறக்கணிப்பு எது என்று கேட்டால், பேசிய பெண்மீது நடந்ததுதான். அதற்கு யாரும் அறிக்கை எழுதவில்லை, யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. வேலை கொடுக்காமல் இருந்தாலே போதுமாயிருந்தது.

பிறகு 2023-ல் ‘லியோ’ படத்தில் த்ரிஷாவுக்கு அவர் குரல் வந்தது. 2025 மே மாதம் ‘தக் லைஃப்’ இசை வெளியீட்டு மேடையில், படத்தில் தீ பாடிய பாட்டை, தீ வர முடியாத நிலையில் சின்மயி பாடினார். அந்தப் பதிவை ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்; இந்தக் குரலை ஏன் இத்தனை நாள் நிறுத்திவைத்தீர்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். இதில் இரண்டு பாடகிகளை மோதவிட்ட அசட்டுத்தனமும் சேர்ந்துகொண்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும், கேட்பவர்களுக்கு ஒரு பலம் இருக்கிறதென்றால் அதை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான். அவர்கள் எதையும் கேட்க மறுக்கவில்லை. மறுக்கப்பட்ட ஒருத்தியைக் கேட்டே தீருவோம் என்றார்கள்.

நம் வட்டத்துக்கும் இதில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சினிமாப் பாட்டு வியாபாரம், ஜனரஞ்சகம், விமர்சனத்துக்குத் தகுதியற்றது என்று சிறுபத்திரிகைகள் ஐம்பது வருஷமாக ஒதுக்கிவைத்தன. விதிவிலக்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதுவும் ஒரு புறக்கணிப்புதான். மிகச் சுத்தமான புறக்கணிப்பு. விளைவு, ஒரு கவிதையின் ஒரு வரிக்கு நான்கு பக்கம் எழுதக் கூடியவர்கள், கோடிப் பேர் வாயில் புரளும் பாட்டு வரியைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அந்த வரியை எழுதியவர் பரிசும் பட்டமும் பெற்று, மேடையில் கவிஞராகவே அமர்ந்திருந்தார். யாரும் அவரை வாசகன் என்ற முறையில் கேள்வி கேட்கவில்லை.

கொழுந்து வண்டியில் நிற்கிற அம்மாவால் பாட்டை நிறுத்த முடியாது. நம்மால் முடியும், ஆனால் நாம் நிறுத்திவிட்டால் அது அவர் காதில் மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும். என் அறையின் தூய்மை அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் நான் கேட்கத்தான் போகிறேன் - கடைசி வார்த்தை வரை. கேட்ட பிறகு, பாடிய பெண்ணை விட்டுவிட்டு, எழுதியவர் பெயரையும் மெட்டுப் போட்டவர் பெயரையும் சொல்லி, அந்த வரி பெண்ணைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை ஒரு கவிதைக்குக் காட்டும் கறாரோடு எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தப் பத்திரிகையின் அடுத்த இதழிலேயே யாராவது தொடங்கினால் நல்லது.