கணக்கும் காவலும்

ஊரைக் காப்பது எது? கேட்டால், எல்லையில் நிற்கும் சாமியைக் காட்டுவார் பலர். கையிலே அரிவாள், அருகிலே குதிரை, உருட்டி விழிக்கும் கண்கள் — காவல் தெய்வமாம்! அந்தக் கண்கள் விழித்திருக்கும்போதே, அதே எல்லைக்குள், மூடாத குழியிலே குழந்தை விழுகிறது; விளக்கில்லா வழியிலே விரியன் தீண்டுகிறது; அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்து உழவன் மாள்கிறான். சிலையின்மீது எனக்குச் சினமில்லை. சுட்ட மண்ணும் சுண்ணாம்பும் என்ன செய்யும், பாவம்! குழியை வெட்டியவன் மனிதன். மூட வேண்டியவனும் மனிதன். "மூடினீர்களா?" என்று கேட்கும் இடம் எதுவோ, அதுவே ஊரின் மெய்யான காவல். அந்த இடத்துக்குப் பெயர் கிராம சபை.

ஊராட்சி மன்றம் வேறு, கிராம சபை வேறு. மன்றத்திலே அமர்வோர், நாம் தேர்ந்தெடுத்த சிலர். சபையிலே அமர்வோர், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும். 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தமும், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதற்கு உயிரும் உருவும் தந்தன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்றிருந்த சபை நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்தன. அந்நாட்களில் தலைவரும் உறுப்பினர்களும் மக்கள்முன் நின்று, வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, முடிந்த வேலை எது, முடியாதது ஏன் என்று சொல்லியாக வேண்டும். அவர்கள் காட்டும் தயவு அல்ல இது. அவர்கள் தீர்க்கும் கடன்!

பழம்பெருமை பேசுவோர் உடனே உத்திரமேரூருக்கு ஓடுவர். "அன்றே கண்டோம் குடவோலை, அதுவன்றோ மக்களாட்சி!" என்று மார்தட்டுவர். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் அங்கே உள்ளன, மெய்தான். ஆனால், குடத்திலே யாருடைய ஓலை விழுந்தது? வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடைய ஆடவன் ஓலைதான்! ஏர் பிடித்தவன் ஓலை ஏறவில்லை. நாற்று நட்டவள் பெயரை எவரும் எழுதவில்லை. அதை மக்களாட்சி என்று கொண்டாட என் மனம் ஒப்பவில்லை. எனினும், அந்தக் கல்லிலே நாம் எடுத்துக்கொள்ளத் தக்க விதி ஒன்று உண்டு. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வரத் தகுதியற்றவர் என்பதே அது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டிய விதி, இன்று காகிதத்திலே கூடக் கசக்கிறதே சிலருக்கு!

கணக்கு என்றால் ரூபாய்க் கணக்கு மட்டுமா? எங்கள் ஊரில், ஓர் ஆகஸ்டு 15ஆம் நாள் சபையிலே இதற்கு விடை கிடைத்தது. தலைவர் வரவு செலவைப் படித்தார். கைப்பம்பு பழுது, வடிகால் தூர்வாரல், தெருவிளக்குக்கு இத்தனை — ஒழுங்காகத்தான் படித்தார். கூட்டம் தலையாட்டிற்று. அப்போது, பந்தலுக்கு வெளியே வெயிலிலே நின்றிருந்த, களையெடுப்பை வாழ்வாகக் கொண்ட முதியவள் ஒருத்தி குரல் கொடுத்தாள்:

"கணக்கெல்லாம் சரிதாங்க ஐயா. பள்ளிக்கூடத்துக்குப் போற ஒத்தையடிப் பாதையிலே, வத்திப்போன போர் ஒண்ணு சாக்கு போட்டு மூடிக் கெடக்குதே, அது எந்தக் கணக்குலே வருது?"

சிரித்தனர் சிலர். "அது பட்டா நிலம், பாட்டி. ஊராட்சிக்கும் அதுக்கும் என்ன?" என்றார் ஓர் உறுப்பினர். சிரிப்பு அடங்குமுன் இளைஞன் ஒருவன் எழுந்தான். கையிலே ஒரு தாள். உச்ச நீதிமன்றம் 2010 பிப்ரவரி 11இல் பிறப்பித்த நெறிமுறைகளைத் தமிழில் எழுதி வந்திருந்தான். ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்கு 15 நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். தோண்டும்போது சுற்றிலும் வேலி வேண்டும். குழாயைச் சுற்றிச் சிமெண்டு மேடை வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகட்டால் அடைக்க வேண்டும். கைவிட்ட கிணற்றை அடிமுதல் தரைமட்டம் வரை களிமண்ணோ மணலோ கல்லோ இட்டு நிரப்ப வேண்டும். சிற்றூர்களில் இதைக் கண்காணிப்பது ஊர்த் தலைவர், வேளாண் துறை அலுவலர் ஆகியோர் பொறுப்பு. படித்துவிட்டு அமர்ந்தான். சிரித்தவர்கள் தரையைப் பார்த்தனர். தீர்மானம் எழுதப்பட்டது. அடுத்த வாரம் அந்தக் குழி நிரம்பிற்று.

சிறிய செய்திதானே என்பீர். 2019 அக்டோபர் 25ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியிலே இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. எந்திரங்கள் வந்தன; அமைச்சர்கள் வந்தனர்; நாடே தொலைக்காட்சியின்முன் விழித்திருந்தது. 29ஆம் நாள் கிடைத்ததோ உயிரற்ற உடல்! நெறிமுறை பிறந்து ஒன்பது ஆண்டு கழிந்த பின்பு நேர்ந்த சாவு அது. சட்டம் இல்லாமலா குழந்தை செத்தது? சட்டம் இருந்தது, அதை ஊரிலே படித்துக் காட்டவும், குழிகளை எண்ணிக் காட்டச் சொல்லவும் நாக்குகள் போதவில்லை!

பாம்புக்கடியும் அப்படித்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு; ஆண்டுக்குச் சராசரி 58,000 உயிர்கள்! அவருள் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். மந்திரம் சொல்லி நஞ்சிறக்குவதாகக் கூறுவோன் வாசலில் கழியும் ஒவ்வொரு மணியும் உயிரைத் தின்னும் மணி. நஞ்சுமுறி மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது, நள்ளிரவில் எந்த வண்டியை அழைப்பது, எரியாத விளக்கு எத்தனை நாளில் எரியும் — இவற்றைச் சபையிலே அறிவிக்கட்டும் உறுப்பினர்கள். தேர் ஓடும் நாளை ஒலிபெருக்கியில் சொல்ல முடிகிற ஊருக்கு, இது முடியாதா?

இங்கேதான் முதன்மையான கேள்வி. குழி எங்கே என்று யாருக்குத் தெரியும்? காரில் செல்வோருக்கா? இருட்டிலே நடப்பவருக்கு! வரப்பிலே வெறுங்காலோடு செல்பவளுக்கு! அவர்கள் வாய் திறக்க இடமில்லாத சபை, கண்ணைக் கட்டிக்கொண்டு காவல் காக்கும் சபை. அந்த வாயை அடைக்க இந்த நாட்டில் நடந்த கொடுமைகள் கொஞ்சமா? மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஒடுக்கப்பட்டவர் அந்த நாற்காலியில் அமர்ந்ததே குற்றம்! பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் — தலைவர் பதவி தனித்தொகுதி ஆனதால், 1996 முதல் பத்தாண்டு முறையான ஊராட்சித் தேர்தல் நடக்க விடவில்லை, 2006இல்தான் நடந்தது. தெற்குத்திட்டையிலே தலைவியையே தரையில் அமர்த்திய படத்தை 2020இல் உலகம் கண்டது. தலைவிக்கே நாற்காலி இல்லையென்றால், பந்தலுக்கு வெளியே நிற்கும் பாட்டியின் கேள்வியை எவர் ஏட்டில் ஏற்றுவார்? சாதி, மனிதனை மட்டும் இழிவு செய்யவில்லை. ஊரின் கண்ணையும் அவித்துவிடுகிறது. மேல்தெருக் குழந்தைக்கும் குழி ஒன்றுதான். விழும்போது அது சாதி கேட்பதில்லை!

மன்றமே இல்லாத காலமும் உண்டு. 2016 அக்டோபர் முதல் 2019 இறுதித் தேர்தல் வரை தனி அலுவலர்களே ஊராட்சிகளை ஆண்டனர்; அந்தத் தேர்தலில் வென்றோரின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் அதே நிலை திரும்பிற்று. உறுப்பினர் இல்லையென்று உரிமை உறங்கலாமா? மன்றம் கலையும், சபை கலைவதில்லை. வாக்காளர் உள்ளவரை அது உண்டு.

எனவே, இளைஞர்களே, அடுத்த சபை நாளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். ஊரைச் சுற்றி நடந்து, மூடாத கிணறு, எரியாத விளக்கு, தாழ்ந்து தொங்கும் கம்பி, கைப்பிடிச் சுவரில்லாத பாலம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். சேரியில் தொடங்குங்கள், அங்கேதான் பட்டியல் நீளம். சபையிலே படியுங்கள்; தீர்மான ஏட்டில் ஏறும்வரை எழுந்து போகாதீர்கள். அடுத்த சபையிலே, என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

வெயிலில் நிற்பவரைப் பந்தலுக்குள் அழைத்து அமர்த்துங்கள். கேட்கும் வாய் பெருகட்டும். காக்கும் கை தானே நீளும்.