ஒரே டம்ளர், பின்வாசல் தட்டு

சின்ன வயதில் சாப்பிட்ட ஓட்டலைத் தேடிப்போய், அந்தப் பழைய ருசியை நினைத்து உருகி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் எங்களில் பலருக்கு அப்படி உருகுவதற்கு ஊரில் ஒரு கடை கிடையாது. ஊர் டீக்கடையில் எங்கள் அப்பாக்களுக்குத் தனிக் குவளை இருந்தது. குடித்து முடித்ததும் அவர்களே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்த டீயின் ருசியை அவர்கள் எங்களுக்குச் சொன்னதே இல்லை. எங்கே நின்று குடித்தார்கள் என்பதைத்தான் சொன்னார்கள்.

எங்களுக்குப் பழைய கடை என்றால், மதுரையில் எம்.ஏ. சமூகவியல் படித்தபோது சாப்பிட்ட ஒரு சின்ன மெஸ்தான். போன மாதம் ஒரு பயிற்சி முகாமுக்காக மதுரையில் கூடிய நாங்கள் நான்கு பேர், மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போனோம். முகாமுக்கு வந்திருந்த இரண்டு கல்லூரி மாணவர்களையும் கூட்டிக்கொண்டோம்.

அந்த நாளில் நாங்கள் ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றி, அங்கே இருந்தவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை இருக்கிற காசைச் சேர்த்து மெஸ்ஸுக்குப் போவோம். ஆளுக்கொரு சாப்பாடு, நான்கு பேருக்கும் பொதுவில் ஒரே ஒரு குடல் குழம்பு. மெஸ் நடத்திய அக்கா எந்த ஊர் என்று கேட்பார். எந்தத் தெரு என்று கேட்டதில்லை. முதல் கேள்விக்குப் பின்னால் இரண்டாவது கேள்வியும் வரும் என்று பழகியிருந்த எங்களுக்கு, அது வராமல் போனதே பெரிய விஷயம். எல்லாருக்கும் ஒரே எவர்சில்வர் டம்ளர், ஒரே பெஞ்சு. சாப்பிட்டு எழுந்தால் எல்லார் இலையையும் அக்காவே எடுப்பார்.

இப்போது பெஞ்சு போய் கிரானைட் மேசை வந்திருக்கிறது. அக்கா கல்லாவில் உட்கார்ந்திருந்தார், மகன் பரிமாறினார். எங்களை அடையாளம் கண்டு, "வாங்கப்பா, எத்தன வருசமாச்சு" என்றார். குடல் குழம்பில் அதே மிளகுக் காரம். ரசத்துக்கு இரண்டாம் தடவை சோறு வாங்கினோம்.

சாப்பாடு 120 ரூபாய். விடுதியில் இருக்கும் மாணவர் அந்தத் தொகையைக் கேட்டதும் சிரித்தார். கல்லூரி விடுதி மாணவர்களுக்கான உணவுப் படியை அரசு 2023-இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தியது. நாளுக்கு 50 ரூபாய். அதாவது நாங்கள் ஒரு மதியம் சாப்பிட்டது, அவருடைய இரண்டு நாள் சாப்பாட்டுக் காசைவிட அதிகம்.

இன்னொரு மாணவி பின்பக்கத்தைக் காட்டினார். இப்போது இலை எடுக்க ஒரு வயதான அம்மா இருக்கிறார், பக்கத்துக் காலனியிலிருந்து வருகிறவர். கூட்டம் குறைந்ததும் பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தனித் தட்டு, தனி பிளாஸ்டிக் டம்ளர். உள்ளே நான்கு மேசை காலியாகக் கிடந்தது.

மாணவி கல்லாவுக்குப் போய், "அவங்க ஏன் அங்க உக்காந்து சாப்பிடுறாங்க?" என்று நேராகவே கேட்டார். "உள்ள வரச் சொன்னாலும் அது வராதும்மா" என்றார் அக்கா. எங்களுக்கு 'வாங்க', தன்னைவிட மூத்தவருக்கு 'அது'. அந்த அம்மாவிடம் கேட்டோம். "எலை எடுக்குறவளுக்கு மேச எதுக்குப்பா?" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். "கூட்டம் போனப்புறமாவது அவங்க மேசையில சாப்பிடட்டும், அதே டம்ளர்ல தண்ணி குடிக்கட்டும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா வருவாங்க" என்றோம். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சொல்றேன்" என்றார். சொன்னாரா என்று தெரிந்துகொள்ள, அந்த மாணவி மறுபடியும் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

அரசியலமைப்பின் 15(2) கடைகளிலும் உணவகங்களிலும் சாதியைக் காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், உணவகத்தின் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இந்தச் சட்டங்களைப் பிடித்துக்கொண்டுதான் நாம் முன்வாசல் வழியாக உள்ளே வந்தோம். பின்வாசலில் அந்த அம்மாவை யாரும் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. அதனால் அங்கே புகாரும் இல்லை, வழக்கும் இல்லை. தடுப்பது பழக்கம். அந்தப் பழக்கத்தை 'அவங்களே வர மாட்டாங்க' என்ற ஒரு வரி காப்பாற்றுகிறது.

கள ஆய்வுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறோம். இரட்டைக்குவளை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். பல இடங்களில் இல்லை என்றுதான் பதில் வரும், அது உண்மையாகவும் இருக்கும். இலை எடுப்பவர் யார், அவர் எங்கே உட்கார்ந்து எதில் சாப்பிடுகிறார், அவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த கடையாக இருந்தால் கட்டாயம் பாருங்கள். அங்கேதான் உங்கள் பேச்சுக்குக் காது கொடுப்பார்கள்.